ஆப்பிரிக்க ராஜதந்திரம் பயில விரும்பும் மாணவருக்கு

ஆப்பிரிக்காவில் எத்தனை நாடுகள் உள்ளன? சர்வதேச உறவுகளைப் பாடமாக எடுத்துள்ள முதுநிலை மாணவர்களிடம் இந்த எளிய வினாவை எழுப்பினால் ஒரு சாரார் 54 என்பர்; மற்றொரு சாரார் 55 என்பர். இரண்டு விடைகளுமே சரியானவை. ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பினர்களுள் ஆப்பிரிக்க நாடுகள் 54. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உறுப்பினர்களோ 55. மேற்கு சகாராவின் சஹ்ராவி அரபுக் குடியரசே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அதனை ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனம் 1982-இல் உறுப்பினராக ஏற்றது. 1984-இல் அது தன் இருக்கையில் அமர்ந்தபோது மொராக்கோ ஸ்தாபனத்தை விட்டு வெளியேறிற்று. 33 ஆண்டுகளுக்குப் பின்னர், 2017 ஜனவரியில், மொராக்கோ ஆப்பிரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. தான் அங்கீகரிக்காத ஓர் அரசுடன் ஒரே அவையில் அது இன்று அமர்ந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையோ மேற்கு சகாராவை இன்னும் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலிலேயே வைத்துள்ளது.

ஓர் எண்ணுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது. இதனை விளக்கத் தெரிந்த மாணவர் பாடத்தின் வாயிலைக் கடந்துவிட்டார் எனலாம். ஆனால் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் ஆய்வேடுகள் பலவற்றில் இத்தகைய கணக்குகளைக் காண்பது அரிது. "இந்திய-ஆப்பிரிக்க உறவுகள்: ஓர் ஆய்வு" என்ற தலைப்பின் கீழ் தலைவர்களின் உரைகளும் கூட்டறிக்கைகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நேரு காலத்திலிருந்து தொடங்கி நட்புறவு வலுப்பெற்று வருகிறது என்ற முடிவுக்கு வருவதற்கு முந்நூறு பக்கங்கள் செலவாகும். ராஜதந்திரம் என்பது பெரும்பகுதி சொற்பொழிவு என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. உண்மையில் அது பெரும்பகுதி குழுக்கூட்டம், வரைவுத் தீர்மானம், புள்ளிவிவர அட்டவணை ஆகியவற்றால் ஆனது. ஆப்பிரிக்க ராஜதந்திரத்தைப் பொறுத்தவரை இது மேலும் உண்மையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் வணிகப் புள்ளிவிவரங்கள் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கடற்கரை இல்லாத ஒரு நாட்டிலிருந்து வந்திருந்த இளம் பெண் அதிகாரி வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்தார். "ஐயா, நீங்கள் காட்டிய அட்டவணைகள் எல்லாம் நன்று. ஆனால் ஜெனீவாவில் எங்கள் தூதுக்குழுவில் இருப்பவர்கள் மூவர். ஒரே காலையில் நான்கு கூட்டங்கள் நடக்கும். எந்தக் கூட்டத்திற்குப் போகாமல் இருப்பது என்பதைத்தான் நாங்கள் தினமும் முடிவு செய்கிறோம்" என்றார். ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத நாடுகள் 16. அவற்றுட் பலவற்றின் நிலை இதுவே. ஆப்பிரிக்க நாடுகள் குழுவாகச் சேர்ந்து பேசுவதை உணர்ச்சிபூர்வமான ஒற்றுமை என்று மட்டும் விளக்குவோர் இந்த அதிகாரியின் சொற்களை நினைவில் கொள்ள வேண்டும். நான்கு கூட்டங்களை நான்கு நாடுகள் பங்கிட்டுக் கொண்டாலன்றி அந்த மூவரால் எதையும் கவனிக்க இயலாது. குழு என்பது அவர்களுக்கு வேலைப் பங்கீடு.

எண்ணிக்கையின் வலிமை

இவ்வேலைப் பங்கீடு எப்படி உருவாயிற்று என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 1960-ஆம் ஆண்டில் மட்டும் 16 ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா. உறுப்பினராயின. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று காலனி நாடுகளுக்கு விடுதலை வழங்குவது பற்றிய 1514-ஆம் தீர்மானம் 89 வாக்குகளுடன், எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி நிறைவேறியது. ஒன்பது நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன.

அதே ஆண்டில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தென்மேற்கு ஆப்பிரிக்கா தொடர்பாகத் தென்னாப்பிரிக்காவின் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. ஆறு ஆண்டுகள் காத்திருந்தபின், 1966 ஜூலையில், வாக்குகள் 7-க்கு 7 என்று சமமாகப் பிரிய, தலைமை நீதிபதியின் தீர்மான வாக்கால் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. வழக்காடும் தகுதி அவ்விரு நாடுகளுக்கு இல்லை என்று கூறப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகள் மூன்றே மாதங்களில் பொதுச்சபைக்குத் திரும்பின. தென்னாப்பிரிக்காவின் ஆட்சிப் பொறுப்பு முடிவுற்றதாக அக்டோபரில் பொதுச்சபை தீர்மானித்தது. 1971-இல் அதே நீதிமன்றம் அத்தீர்மானத்தை ஏற்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. நமீபியா 1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்றது. அதற்கு முன் அங்கு நிலைகொண்ட ஐ.நா. படைப்பிரிவின் தளபதியாக இருந்தவர் இந்தியரான திவான் பிரேம் சந்த் என்பது நம் மாணவர்கள் அறியத்தக்கது. நீதிமன்றத்தில் ஒரு வாக்கில் தோற்றதை அவையில் எண்ணிக்கையால் மீட்ட இவ்வழக்கை, தேதி வாரியாக ஒருமுறை எழுதிப் பார்ப்பது மாணவருக்கு நல்ல பயிற்சியாகும்.

சான்சிபாரிலிருந்து நியூயார்க் வரை

தனி ஒருவரின் பாதையாக இதனைக் காண விரும்பினால் சலீம் அகமது சலீமின் வாழ்க்கையைப் படிக்கலாம். 1942-இல் சான்சிபாரில் பிறந்தவர் அவர். 1964-இல் தமது 22-ஆம் வயதில் கெய்ரோவில் தூதராக நியமிக்கப்பட்டார். அவ்வயதில் நம் மாணவர்கள் முதுநிலை வகுப்பில் இருப்பார்கள். 1965 முதல் 1968 வரை அவர் தில்லியில் தான்சானியாவின் ஹைகமிஷனர். அக்காலத்தில் புனித ஸ்டீபன் கல்லூரியிலும் அவர் பயின்றார். பதவியில் இருந்துகொண்டே கல்லூரிக்குச் சென்ற ஒரு தூதரைக் கற்பனை செய்து பாருங்கள்! பின்னர் பெய்ஜிங்கில் தூதர். 1970 முதல் பத்து ஆண்டுகள் நியூயார்க்கில் நிரந்தரப் பிரதிநிதி. அப்பொறுப்பில் இருக்கும்போதே 1975-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

பட்டம் முதலில், பணி பின்னர் என்ற நமது வழக்கமான வரிசை இங்கே தலைகீழாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் படித்து முடித்தவர்களுக்காகக் காத்திருக்க நேரமில்லை. பணி கற்றுக் கொடுத்ததைக் கல்வி பிற்பாடு முறைப்படுத்திற்று.

1971 அக்டோபர் 25 அன்று, மக்கள் சீனத்திற்கு ஐ.நா. இருக்கையை வழங்கும் தீர்மானம் 76 வாக்குகள் ஆதரவாகவும் 35 எதிராகவும் பெற்று நிறைவேறியபோது, அதற்காகப் பாடுபட்டவர்களுள் சலீம் ஒருவர். அவையில் அவர் காட்டிய மகிழ்ச்சியை அமெரிக்கப் பிரதிநிதிகள் மறக்கவில்லை. காலனி ஒழிப்புக்கான சிறப்புக் குழுவின் தலைவர், 1979-இல் பொதுச்சபையின் தலைவர் என உயர்ந்த அவர், 1981-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கு ஆப்பிரிக்காவின் வேட்பாளராக நின்றார். அப்பதவியில் இருந்த வால்டுஹைமைச் சீனா 16 முறை வீட்டோ எனும் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. சலீமை அமெரிக்கா தடுத்தது. இறுதியில் இருவரும் விலக, பெருநாட்டைச் சேர்ந்த பெரெஸ் டி குயேயர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எண்ணிக்கை பொதுச்சபையில் செல்லும். பாதுகாப்புச் சபையில் ஓரளவுக்கு மேல் செல்லாது. ஆப்பிரிக்க நாடுகள் 2005-இல் எசுலுவினியில் கூடி, ரத்து அதிகாரத்துடன் கூடிய இரண்டு நிரந்தர இடங்களையும், மொத்தம் ஐந்து நிரந்தரமற்ற இடங்களையும் ஒருமித்துக் கோரியதன் பின்னணி இதுவே.

சலீமின் வாழ்வில் அடுத்த பகுதி அவ்வளவு ஒளி மிக்கது அன்று. ஆயினும் மாணவர்களுக்கு அதுவே பயன்மிக்கது. 1989 முதல் 2001 வரை அவர் ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனத்தின் பொதுச் செயலாளர். 1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் நிறுவிய அந்த ஸ்தாபனம், உறுப்பு நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடாமையை அடிப்படை விதியாகக் கொண்டிருந்தது. 1964-இல் கெய்ரோவில் கூடியபோது, விடுதலையின்போது இருந்த எல்லைகளையே மதிப்பது என்று முடிவு செய்தது. வெள்ளையர் கோடு போட்டுப் பிரித்த எல்லைகள் அவை என்பதை எல்லோரும் அறிவர். ஒன்றைத் திறந்தால் எல்லாவற்றையும் திறக்க நேரும் என்ற அச்சத்தால் அவற்றை ஏற்றனர். சோமாலியாவும் மொராக்கோவும் மட்டும் இதற்கு இணங்கவில்லை.

சலீமின் முயற்சியால் 1993-இல் பூசல்களைத் தடுத்துத் தீர்க்கும் அமைப்பு ஒன்று கெய்ரோவில் உருவாக்கப்பட்டது. மறு ஆண்டே ருவாண்டாவில் பேரழிவு நிகழ்ந்தது. அமைப்பு இருந்தது, படையும் பணமும் இல்லை. என்ன தவறு நேர்ந்தது என்பதை ஆராய ஸ்தாபனமே 1998-இல் சான்றோர் குழு ஒன்றை அமைத்தது. இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி அதன் உறுப்பினர்களுள் ஒருவர். குழுவின் அறிக்கை 2000 ஜூலையில் வெளிவந்தது. அதே மாதம் லோமே நகரில் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம், போர்க்குற்றம், இனப்படுகொலை, மனிதகுலத்திற்கு எதிரான குற்றம் ஆகியவை நிகழும்போது உறுப்பு நாட்டில் தலையிடும் உரிமையை நான்காம் பிரிவில் ஒன்றியத்திற்கு வழங்குகிறது. 1963-ஆம் ஆண்டு சாசனத்தையும் இச்சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, நாற்பது ஆண்டு ஆப்பிரிக்க வரலாறு இரண்டு ஆவணங்களில் கிடைக்கும்.

ஒரு கட்டுரை சட்டமான விதம்

இனி, தனிமனிதரை விட்டு ஒரு கோப்பைத் தொடர்வோம். இக்கோப்பு நமது தில்லியுடன் தொடர்புடையது. பாண்டுங் மாநாட்டின் விளைவாக 1956-இல் தோன்றிய ஆசிய-ஆப்பிரிக்க சட்ட ஆலோசனைக் குழுவின் தலைமையகம் புதுதில்லியில் உள்ளது. 2001 முதல் அது ஆலோசனை அமைப்பு என்று பெயர் மாறியுள்ளது. அக்குழு 1971-இல் கொழும்பிலும் 1972-இல் லாகோசிலும் கூடியபோது, கென்யாவின் பிரதிநிதி பிராங்க் நஜெங்கா ஒரு புதிய கருத்தை முன்வைத்தார்.

அன்றைய சிக்கல் இதுதான். கரையோர நாடுகளின் கடல் உரிமை சில மைல்களோடு முடிந்தது. அதற்கு அப்பால் எவரும் மீன் பிடிக்கலாம். பெரிய கப்பல்களைக் கொண்ட தொலைதூர நாடுகள் ஆப்பிரிக்கக் கரைக்கு அருகிலேயே மீன் வளத்தை அள்ளிச் சென்றன. சிலி, பெரு, எக்குவடோர் ஆகிய தென்னமெரிக்க நாடுகள் 1952-லேயே 200 மைல் வரை தமக்கு உரிமை கோரியிருந்தன. கடல் வல்லரசுகள் அதனை ஏற்க மறுத்தன. தங்கள் கப்பல்களும் விமானங்களும் செல்வதற்குத் தடை வரும் என்பது அவற்றின் கவலை. கென்யா இரண்டு உரிமைகளையும் பிரித்தது. 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, கடலின் வளங்கள் கரையோர நாட்டுக்கு உரியவை. கப்பல் போக்குவரத்தும் விமானப் போக்குவரத்தும் எல்லோருக்கும் திறந்தவை. இதற்குத் தனிப் பொருளாதார மண்டலம் என்று பெயர். 1972 ஆகஸ்டில் கென்யா இதனை வரைவுப் பிரிவுகளாக ஐ.நா. குழுவில் அளித்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், 1982 டிசம்பர் 10 அன்று கையெழுத்தான கடல் சட்ட உடன்படிக்கையில் இக்கருத்து 55-ஆம் பிரிவிலிருந்து 75-ஆம் பிரிவு வரை இடம்பெற்றது. கரையில்லா ஆப்பிரிக்க நாடுகளையும் விட்டுவிடவில்லை. அண்டை நாட்டு மண்டலத்தின் மீன்வளத்தில் அவற்றுக்குள்ள பங்கை 69-ஆம் பிரிவு கூறுகிறது.

உடன்படிக்கை முடியும்வரை நம் நாடு காத்திருக்கவில்லை. 1976-லேயே கடல் மண்டலங்கள் சட்டத்தை இயற்றி 200 மைல் உரிமையைப் பிரகடனம் செய்தது. இராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆழ்கடல் செல்லும் மீனவருக்கு இச்சட்டம் பழகிய ஒன்று. அதன் வேர் கென்யாவின் ஒரு வரைவில் இருப்பது பலருக்குத் தெரியாது. நஜெங்கா பின்னர் 1988 முதல் 1994 வரை அதே குழுவின் பொதுச் செயலாளராகத் தில்லியில் பணியாற்றினார்.

பருத்திக் கணக்கு

மூன்றாவது எடுத்துக்காட்டு முழு வெற்றி பெறாதது. 2003-இல் பெனின், புர்க்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகள் உலக வணிக நிறுவனத்தில் பருத்தி பற்றி ஒரு கோரிக்கையை அளித்தன. செல்வ நாடுகள் தம் பருத்தி விவசாயிகளுக்கு வழங்கும் மானியம் உலக விலையைத் தாழ்த்துகிறது. மானியங்கள் படிப்படியாக நீக்கப்பட வேண்டும். அதுவரை ஏழை நாடுகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில் கான்குன் மாநாட்டில் இது முக்கியப் பிரச்சினைகளுள் ஒன்றாயிற்று. மாநாடு முடிவின்றிக் கலைந்தது. பருத்திக்கான ஏற்றுமதி மானியத்தை நீக்கும் முடிவு 2015-இல் நைரோபியில் எடுக்கப்பட்டது. உள்நாட்டு மானியம் பற்றிய கோரிக்கை அதில் நிறைவேறவில்லை.

இதற்கு இணையாகப் பிரேசில் வேறொரு வழியில் சென்றதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2002-இல் அமெரிக்கப் பருத்தி மானியத்தின் மீது அது வழக்குத் தொடுத்தது. விலை வீழ்ச்சியில் மானியத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பொருளியல் கணிப்புகளால் நிறுவி வென்றது. 2014-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் 30 கோடி டாலர் பெற்றது. அவ்வழக்கில் பெனினும் சாடும் மூன்றாம் தரப்பினராகத் தம் கருத்தைக் கூறியிருந்தன. உடன்பாட்டில் அவை தரப்பினர் அல்ல. நியாயம் இரு பக்கமும் ஒன்றுதான். வழக்கறிஞர்களையும் பொருளியலாளர்களையும் ஆண்டுக்கணக்கில் அமர்த்தி வைக்கும் வசதி ஒரு பக்கம் இருந்தது, மறு பக்கம் இல்லை.

இங்கு இந்தியாவின் நிலையையும் மறைக்காமல் எழுதுவது மாணவரின் கடமை. நாமும் பருத்தி விளைவிக்கிறோம். நம் விவசாயிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. இந்நான்கு நாடுகள் உள்ளிட்ட சில ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பருத்தித் தொழில்நுட்ப உதவித் திட்டம் ஒன்றையும் 2012 முதல் நடத்தினோம். வளர்முக நாடுகளின் ஒற்றுமை என்ற சொல்லால் இவ்விரண்டையும் ஒன்றாக மூடிவிட முடியாது. எந்த இடத்தில் நம் நலனும் மாலி நாட்டின் நலனும் சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை டன் கணக்கில் காட்ட வேண்டும்.

டன் கணக்கு என்றதும் என் இளமைக்காலத் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு வணிகப் பேச்சுவார்த்தைக்காக முதன்முதலில் குறிப்பு எழுதித் தரும்படி என்னைப் பணித்தனர். பண்டைய கடல் வாணிபத்தில் தொடங்கி இருபது பக்கம் எழுதினேன். மேலதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "சென்ற ஆண்டு முந்திரிக் கொட்டை எத்தனை டன் இறக்குமதி செய்தோம்?" என்று கேட்டார். குறிப்பில் அது இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் முந்திரிக் கொட்டையை நம்பியே கொல்லம் வட்டாரத்து ஆலைகள் பல இயங்கின என்பதை அதன் பின்னரே கற்றேன்.

எங்கே, எதைப் படிப்பது

தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத்துறை 1955-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய சர்வதேச ஆய்வுப்பள்ளி 1970-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் ஆப்பிரிக்க ஆய்வு மையம் உள்ளது. ஆப்பிரிக்காவிலேயே பயில விரும்புவோருக்கு, 1971-இல் நிறுவப்பட்ட காமரூன் சர்வதேச உறவுகள் கழகம் யவுண்டேயிலும், 1978-இல் தான்சானியாவும் மொசாம்பிக்கும் சேர்ந்து நிறுவிய அயல் உறவு மையம் தார் எஸ் சலாமிலும் இருக்கின்றன. இலண்டனிலோ பாரிசிலோ இருந்து ஆப்பிரிக்காவைப் பார்க்கும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் இருக்கிறது. அங்குள்ள நூலகங்கள் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடிஸ் அபாபாவில் ஓராண்டு தங்கியவருக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமும், 1958-இல் அமைந்த ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமும் அந்நகரில்தான் உள்ளன.

மொழி பற்றி ஒரு சொல். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குப் பருத்தி வழக்கின் நான்கு நாடுகளுமே பாதி மூடிய கதவுகள். மேற்கு ஆப்பிரிக்கா பற்றி எழுத விரும்புவோர் பிரெஞ்சு மொழியைத் தவிர்க்க முடியாது. கிழக்கே செல்வோர் சுவாஹிலி பயிலலாம். 2022-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் அதனைத் தன் பணிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. இரண்டு ஆண்டு முயற்சி போதுமானது. அதைத் தள்ளிப்போடுவோர் பெரும்பாலும் கற்பதே இல்லை.

ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, கண்டம் முழுவதையும் அள்ள முயலாமல் ஒரே ஓர் ஆவணத்தை எடுத்துக்கொண்டு, அது முதல் வரைவிலிருந்து வாக்கெடுப்பு வரை எவர் கைகளில் எப்படி மாறிற்று என்று தொடர்வது நல்லது. அத்தகைய பொருள்கள் ஏராளமாக உள்ளன. 2016-இல் கிகாலியில் ஆப்பிரிக்க ஒன்றியம், தகுதியுள்ள இறக்குமதிகளின் மீது 0.2 சதவீதம் வரி விதித்துத் தன் செலவைத் தானே ஏற்க முடிவு செய்தது. எந்தெந்த நாடுகள் அதனை நடைமுறைப்படுத்தின, எவை தயங்கின, ஏன்? 2023 டிசம்பரில் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2719-ஆம் தீர்மானம், ஒன்றியத்தின் அமைதிப் பணிகளுக்கு ஆண்டுச் செலவில் 75 சதவீதம் வரை ஐ.நா. நிதியிலிருந்து தர வழி செய்கிறது. எஞ்சிய 25 சதவீதம் எங்கிருந்து வரும்? 2019 மே 30 முதல் செயலுக்கு வந்த ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தில், ஒரு பொருள் ஆப்பிரிக்காவில் உற்பத்தியானது என்று சொல்ல எவ்வளவு உள்நாட்டு மூலப்பொருள் தேவை என்ற விதிகளை ஒரே ஒரு பொருளுக்கு, எடுத்துக்காட்டாகச் சட்டைத் துணிக்கு, எடுத்து ஆராயலாம். 2023 செப்டம்பர் 9 அன்று புதுதில்லியில் நடந்த ஜி-20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினராயிற்று. 55 நாடுகளின் சார்பில் ஒருவர் பேச வேண்டுமானால் அவருக்கு முன்கூட்டியே குறிப்பு எழுதித் தருவது யார், அதை எத்தனை தலைநகரங்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் ஆய்வேட்டுக்குரிய பொருளே. இதற்குரிய தாள்களில் ஒரு பகுதி தில்லியிலும் எஞ்சியவை அடிஸ் அபாபாவிலும் கிடைக்கும். முதல் ஆறு மாதத்தை அவற்றைத் திரட்டுவதற்கென்றே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.